எட்டுப் பேர் செய்த சத்தியம்

நமது கிராமங்களில் பங்காளிச் சண்டை முற்றிப் போனால், கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் கோவிலுக்குப் போகும் வழக்கம் ஒன்று உண்டு. வாங்கிய கடனை வாங்கவேயில்லை என்று சாதிக்கிறவனை அம்மன் சந்நிதிக்கு அழைத்துக்கொண்டு போவார்கள். கற்பூரத்தை ஏற்றி, "எங்கே, இதை அணைத்துச் சத்தியம் செய், பார்க்கலாம்!" என்பார்கள். அதுவரையில் வாய் ஓயாமல் பேசியவனுக்கு அந்தக் கணத்தில் நாக்கு உலர்ந்து போகும். பொய்ச் சத்தியம் செய்தால் கண் அவிந்துவிடும் என்று பாட்டிமார்கள் சொல்வது வழக்கம். கண் அவிந்ததோ இல்லையோ, கடன் திரும்பி வந்தது.

இந்தப் பழைய ஏற்பாட்டின் பேரில் நமது நவீன அரசியல் கட்சி ஒன்றுக்கும் திடீரென்று நம்பிக்கை பிறந்தது. நடந்த இடம் கோவா. காலம் 2022 ஜனவரி. சட்டசபைத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. காங்கிரஸ் கட்சி தன் அபேட்சகர்களையெல்லாம் திரட்டிப் பணஜி நகரத்து மகாலக்ஷ்மி கோவிலுக்கும், பம்போலிம் சிலுவைக்கும், பேதிமில் உள்ள தர்காவுக்கும் அழைத்துச் சென்றது. "ஜயித்த பிறகு கட்சி மாற மாட்டோம்" என்று மூன்று சந்நிதிகளிலும் அவர்கள் பிரமாணம் செய்தார்கள். ஒரு தெய்வத்தை ஏமாற்றினாலும் மூன்றையும் ஒருங்கே ஏமாற்றுவது கஷ்டம் என்று யாரோ நல்ல வியாபார புத்தியுள்ளவர் யோசனை சொல்லியிருக்க வேண்டும்.

கட்சி இவ்வளவு பயந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2017 தேர்தலில் நாற்பது ஸ்தானங்களில் பதினேழைப் பெற்று அதுதான் முதலில் நின்றது. ஐந்து வருஷம் முடியும்போது மிஞ்சியவர்கள் இரண்டே பேர்! பதினைந்து பேராக இருந்த சமயத்தில், 2019 ஜூலையில், ஒரேயடியாகப் பத்துப் பேர் புறப்பட்டு பாரதிய ஜனதா கட்சியில் போய்ச் சேர்ந்தார்கள். ஒன்பது பேர் அல்ல, பதினொருவர் அல்ல, சரியாகப் பத்துப் பேர். இந்த எண்ணிக்கையின் மகிமையை நேயர்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1967-ல் ஹரியானா சட்டசபையில் கயா லால் என்று ஓர் அங்கத்தினர் இருந்தார். இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறி, "வந்தான் ராமன், போனான் ராமன்" என்னும் பொருள்பட ஹிந்தி பாஷைக்கு ஒரு புதுப் பழமொழியை அவர் தானம் செய்தார். அந்த வருஷங்களில் கட்சி மாறிய 210 அங்கத்தினர்களில் 116 பேருக்கு மந்திரி பதவி கிடைத்தது என்று சர்க்கார் நியமித்த கமிட்டியே கணக்கெடுத்துச் சொல்லிற்று. கல்யாண வீட்டு முதல் பந்தியில்கூட இவ்வளவு தாராளமாக இடம் கிடைப்பதில்லை.

இந்த விஷயத்தில் நாம் வடக்கத்தியாரை மட்டும் பார்த்துச் சிரிப்பது நியாயமல்ல. 1952-ல் சென்னைச் சட்டசபையின் 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. ஆயினும் ராஜாஜி மந்திரிசபை அமைத்தார். எதிர்த்து நின்று ஜயித்த காமன்வீல் கட்சியின் ஸ்ரீ மாணிக்கவேலு நாயக்கர் அதில் மந்திரியாக வீற்றிருந்தார். ராஜாஜியிடம் எவ்வளவு மதிப்பு இருந்தாலும் இதை மறைக்க முடியாது.

நோய்க்கு மருந்தாக 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கட்சியில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் அது தாவல் ஆகாது, பிளவு என்று அந்தச் சட்டம் கருணை காட்டிற்று. 2003-ல் அந்தக் கருணையை ரத்து செய்தார்கள். ஆனால் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து வேறு கட்சியோடு "இணைந்தால்" பாதகமில்லை என்ற விதியை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆகவே, தனியாக ஓடினால் ஓடுகாலி. கூட்டமாக ஓடினால் யாத்திரிகர். 2016-ல் அருணாசலப் பிரதேசத்தின் முதல் மந்திரி, செப்டம்பரில் 43 பேருடன் ஒரு கட்சிக்கும், டிசம்பரில் 33 பேருடன் இன்னொரு கட்சிக்கும் யாத்திரை போனார். நாற்காலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பதினைந்தில் மூன்றில் இரண்டு பங்கு பத்து. கோவாக்காரர்கள் வாய்ப்பாட்டில் புலிகள் என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பத்துப் பேரைப் பற்றிய புகாரில் சபாநாயகர் தீர்ப்புச் சொல்ல 2021 ஏப்ரல் ஆயிற்று. தவறொன்றும் இல்லை என்பதே தீர்ப்பு.

இதே சட்டத்தின் மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். ஓர் அங்கத்தினர் கட்சியிலேயே இருந்துகொண்டு, "இந்த ஒரு மசோதா என் ஜனங்களுக்குக் கெடுதல்" என்று கட்சிக் கட்டளையை மீறி ஓட்டுப் போட்டால், கட்சி பதினைந்து நாளைக்குள் மன்னித்தாலொழிய அவருடைய ஸ்தானத்துக்கே ஆபத்து. மனச்சாட்சி எப்போதும் தனியாகத்தான் வரும். மூன்றில் இரண்டு பங்கு கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு வரும் வழக்கம் அதற்கு இல்லை. ஊருக்குப் பயந்தவன் தெய்வத்துக்கும் பயப்படுவான் என்று நினைத்த காலத்தில் சட்டப் புத்தகம் மெலிந்திருந்தது. வெட்கம் செய்துவந்த வேலையை வகுத்தல் கணக்கிடம் ஒப்படைத்தோம், கணக்கோ வருகிறவனையெல்லாம் "எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்கிறது.

கோவாவுக்குத் திரும்புவோம். தேர்தலில் காங்கிரஸ் பதினொரு ஸ்தானங்களைப் பெற்றது. பதினொன்றில் மூன்றில் இரண்டு பங்கு ஏழே கால் சொச்சம். மனிதனைப் பின்னமாக்க முடியாதாகையால் எட்டு. 2022 செப்டம்பர் 14-ம் தேதி, மூன்று சந்நிதிகளின் சத்தியத்தையும் தாண்டி, எட்டுப் பேர் பாரதிய ஜனதா கட்சியில் சேர்ந்தார்கள்.

அவர்களில் முன்னாள் முதல் மந்திரி ஸ்ரீ திகம்பர் காமத் ஒருவர். 2005-ல் பாரதிய ஜனதாவை விட்டுக் காங்கிரஸுக்கு வந்தவராகையால், இவருடையதை வீடு திரும்பல் என்றும் சொல்லலாம். "சத்தியம் என்ன ஆயிற்று?" என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். மறுபடியும் கோவிலுக்குப் போய் ஸ்வாமியிடமே கேட்டதாகவும், உனக்கு எது நல்லதோ அதைச் செய் என்று ஸ்வாமி சொல்லிவிட்டதாகவும் அவர் பதில் சொன்னார். நமது கிராமத்துக் கடன்காரனுக்கு இந்த யுக்தி தோன்றவில்லையே! பாவம், கற்பூரத்தைக் கண்டு நடுங்கிக் கடனைக் கொடுத்துத் தொலைத்தான்.

மூன்று பேர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்களிடம் போய், "உங்களிடம் ஸ்வாமி என்ன சொன்னார்?" என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை போலும். ஸ்ரீ காமத் 2025 ஆகஸ்டு மாதத்தில் மந்திரியானார். மந்திரியாவதற்கும் முறைப்படி ஒரு பிரமாணம் உண்டு. அதையும் செய்துகொண்டார்.