வேலங்காய் உதிரும் மாதம்

சித்திரை பாதி கடந்துவிட்டால் எங்கள் கொறங்காட்டு ஆடுகள் புல்லைத் தேடாது. பட்டியைத் திறந்ததும் வேலமரத்தடிக்குத்தான் ஓடும். இரவுக் காற்றில் உதிர்ந்த வேலங்காய் அங்கே சிதறிக் கிடக்கும். கொழுக்கட்டைப்புல் சருகாகிப்போன நாட்களில் எங்கள் மேச்சேரிச் செம்மறி ஆடுகளைத் தாங்கியது இந்தக் காய்தான்.

எனக்கு மூலனூர்ப் பக்கம். காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் கொறங்காடு என்றால் மேய்ச்சலுக்கென்றே விட்ட மானாவாரி நிலம். தரையில் கொழுக்கட்டைப்புல், அதற்கு மேலே வெள்வேல், சுற்றிலும் கிளுவை வேலி. புல்லைத் தவிர மற்ற இரண்டும் முள். வெளியூர்க்காரர்கள் இதைத் தரிசு என்கிறார்கள். கேட்கும்போது மனசு வலிக்கும்.

வேல், கருவேல் எல்லாம் அவரை, துவரையின் குடும்பம். இலையிலும் காயிலும் புரதம் நிறைய. மழை குறைந்த மண்ணில் இழந்த தழையை மறுபடி துளிர்க்கவைப்பது மரத்துக்குப் பெரும்பாடு. அதனால்தான் முள்ளைக் காவல் வைத்திருக்கிறது. மாடு நாக்கைச் சுழற்றி ஒரு பிடியாகப் பறிக்கும், அதை முள் தடுத்துவிடும். வெள்ளாடு அப்படியல்ல. அசையும் மேலுதட்டால் முள்ளை ஒதுக்கிவிட்டுச் சிற்றிலையை மட்டும் உருவும். பக்கத்தில் நின்று பார்த்தால் பூத்தொடுக்கும் விரல்கள் நினைவுக்கு வரும்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் தொரட்டியால் கொப்பை இழுத்து அப்படியே தரையில் போட்டேன். அத்தை ஓடி வந்தார். “கீழ போடாத கண்ணு, குளம்புல முள்ளு ஏறிப்போகும். மரத்துல கட்டித் தொங்கவிடு.” அன்றிலிருந்து ஆட்டின் முக உயரத்துக்குக் கட்டித்தான் விடுகிறேன். தழை தீர்ந்த முள்கொப்பு பட்டி அடைக்கப் போகும், மிச்சம் அடுப்புக்கு.

ஆனால் அளவு தவறினால் இதே தழை உயிரை எடுக்கும். மழை பொய்த்த ஒரு வருஷம், பட்டினி கிடந்த ஆடுகளுக்கு வேலந்துளிரை வயிறாரப் போட்டுவிட்டேன். பொழுது சாய்வதற்குள் ஒரு சினையாடு மூச்சிரைத்து விழுந்தது. காப்பாற்ற முடியவில்லை. வந்த கால்நடை மருத்துவர்தான் விளக்கினார்: இளஞ்சோளப் பயிரைத் தின்ற மாடு சாகிறதே, அதே சயனைடு நஞ்சு வெள்வேலிலும் உண்டு. பசித்த ஆடு அவசரமாக விழுங்கும்போது உடம்பால் அதைத் தாங்க முடிவதில்லை. இப்போது முதலில் காய்ந்த தட்டு. அது உள்ளே போன பிறகுதான் கொஞ்சம் வேலந்தழை.

சீமைக்கருவேலையும் பலர் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது வேறு. 1877இல் வெள்ளைக்காரர்கள் கடப்பைப் பக்கம் கொண்டுவந்த மரம் அது. பச்சைத் தழையை ஆடுகூடத் தொடாது. காய் இனிக்கும், ஆடு மாடு விரும்பித் தின்னும். முழுசாகத் தின்றால் விதை செரிக்காமல் சாணத்தில் விழுந்து முளைக்கும். நம் மாடே அந்த மரத்தை ஊரெல்லாம் பரப்பும். காயை அரைத்து, மற்ற தீவனத்தோடு கொஞ்சமாகச் சேர்ப்பதுதான் முறை. மாதக்கணக்கில் அதையே போட்டால் மாட்டின் தாடைத் தசை சூம்பி, அசைபோட முடியாமல் மெலியும்.

முயல் எங்கள் வீட்டுக்கு வந்தது மகளால். பள்ளி விடுமுறையில் நான்கு குட்டிகள் கேட்டாள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களை அங்கே வளர்க்கிறார்கள். ஆனால் எங்களுக்குக் கிடைத்தவை சாதாரண வெள்ளை முயல்கள். கிணற்றடிக் கல்யாண முருங்கைக் கொப்பை முள்ளோடு கூண்டில் கட்டினோம். இலையைத் தின்று முடித்துவிட்டு, முள்ளுக்கு முள் இடைவெளி பார்த்துப் பட்டையையும் கொறித்தன. முயலின் பல் சாகும்வரை வளரும், கொறித்தால்தான் தேயும். முள்ளுக்கீரையையும் விரும்பித் தின்னும். பூ விட்டு முள் முற்றுவதற்குள் பிடுங்கிவிடுவேன். பனி ஈரம் உலராமல் எதையும் கொடுப்பதில்லை. முயலால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான். கல்யாண முருங்கை விதை நஞ்சு. அந்தச் சிவப்புக் கொட்டையைக் கூண்டுப் பக்கமே விடமாட்டேன்.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் கொறங்காடுகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வாங்குபவர் முதலில் வெட்டுவது வேலமரத்தை. போன ஆடியில் பட்டிப் புழுக்கையிலிருந்து ஏழு வேலங்கன்றுகள் முளைத்திருந்தன, ஆடு தின்று போட்ட விதை. ஏழையும் சுற்றி வெட்டிய கிளுவைக் கொப்பு நட்டிருக்கிறேன். ஆட்டுக்கு எட்டாத உயரம் வரும்வரை அந்த முள் அங்கேயே இருக்கட்டும்.