மோட்டார் இறைக்கும் உப்பு

ஒரு லிட்டர் தண்ணீரில் 640 மில்லிகிராம் உப்பு கரைந்திருந்தால் நாக்குக்கு அது பெரிதாக உறைக்காது. ஆனால் ஒரு போகம் நெல்லுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறோம். ஏக்கருக்கு 40 லட்சம் லிட்டர். அப்படியானால் அந்த ஒரு போகத்தில் ஏக்கருக்கு இரண்டரை டன் உப்பு வயலுக்குள் வந்து இறங்குகிறது. பயிர் தண்ணீரைக் குடித்துவிடும், வெயில் மிச்சத்தை உறிஞ்சிவிடும். உப்பு மட்டும் போக இடமில்லாமல் மண்ணிலேயே தங்கும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கே, மீஞ்சூர், பொன்னேரி பக்கம் இந்தக் கணக்குக்குத் தனி வரலாறு உண்டு. 1960களின் இறுதியில், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வை ஒட்டி, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் சென்னையின் தேவைக்காக வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. விவசாயப் போர்வெல்களும் பெருகின. 1969இல் கரையிலிருந்து 3 கிலோமீட்டரில் இருந்த உப்புநீர் எல்லை, 1983இல் 7 கிலோமீட்டர், 1987இல் 9 கிலோமீட்டர் என்று உள்ளே வந்தது.

இதற்கான விதியை கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் நூறாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் ஒவ்வொரு மீட்டர் நன்னீரும், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரை அழுத்தி வைக்கும். மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே 40 மீட்டர் பறிபோகும். அதே மீஞ்சூர் வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், 2010 முதல் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் வரை குடிநீர் எடுத்துச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். நிலத்தடியில் இலவசமாகக் கிடைத்த வடிகட்டியைக் கெடுத்துக்கொண்டு மின்சார வடிகட்டிக்குப் போயிருக்கிறோம்.

உப்பேறிய வயலில் தழை, மணி, சாம்பல் சத்துகள் இருந்தும் பயனில்லை. வேரைச் சுற்றிய நீரில் உப்பு கூடினால் வேரால் அந்த நீரை இழுக்க முடியாது. இலை நுனி காய்கிறது, தூர் கட்டுவது குறைகிறது, கதிரில் பதர் கூடுகிறது. உரம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு மூட்டை யூரியா போடுவது வீண் செலவு. மண்ணின் உப்புத்தன்மை மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டியபின் கூடும் ஒவ்வொரு அலகுக்கும் நெல் விளைச்சல் சுமார் 12 சதவீதம் குறையும் என்பது வேளாண் அறிவியலில் பரவலாக வழங்கும் கணக்கு.

ஜிப்சம் போட்டால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மைதான். சோடியம் ஒட்டிய களர் மண்ணில் ஜிப்சத்தின் கால்சியம் அந்தச் சோடியத்தை விடுவிக்கும். தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் மண் இளகும். விடுபட்டதை வயலைவிட்டு வெளியேற்ற நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். வெறும் உவர் மண்ணுக்கு ஜிப்சமே தேவையில்லை, கழுவினால் போதும். வடகிழக்குப் பருவமழை சம்பாவில் ஓரளவு கழுவிவிடுகிறது. போரை நம்பிய சொர்ணவாரிப் பருவத்தில்தான் உப்பு ஏறுகிறது.

விதையும் கொஞ்சம் கைகொடுக்கும். உப்பைத் தாங்க திருச்சியில் உருவான டி.ஆர்.ஒய். ரகங்கள் இருக்கின்றன. ஆனால் எந்த ரகமும் அவகாசம்தான் வாங்கித் தரும்.

2015இல் வந்த மண்வள அட்டை 12 அளவுகளைச் சொல்கிறது. பாசன நீர் அதில் இல்லை. ஈயம், காட்மியம், குரோமியமும் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் இவற்றுக்குத் தனியாகச் சோதனை கேட்க வேண்டும். வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் தண்ணீரையும் சோதிப்பார்கள். மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டபின் பிடித்த தண்ணீரைக் கொடுக்கலாம்: ஒரே போரிலிருந்து சொர்ணவாரி நடவுக்கு முன் ஒரு பாட்டில், மழை முடிந்து தையில் இன்னொன்று.