61 நாள் தடை: மீனுக்கா, படகுக்கா?

ஏப்ரல் 15 நெருங்கிவிட்டது. அன்று தொடங்கி ஜூன் 14 வரை, திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரி வரையிலான கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. ஆண்டுதோறும் வரும் அறிவிப்புதான். ஆனால் வாசகர் கடிதங்களைப் பார்த்தால், குழப்பமும் ஆண்டுதோறும் புதிதாக வருகிறது. தடை போட்ட பிறகும் காசிமேட்டில் மீன் கிடைக்கிறதே, யார் பிடிக்கிறார்கள் என்று கேட்கிறார் ஒருவர். சின்னமுட்டத்தில் தடை, முட்டத்தில் தடையில்லை, இரண்டும் ஒரே மாவட்டம்தானே என்கிறார் இன்னொருவர்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: நாட்டுப்படகுகளுக்கும் ஃபைபர் படகுகளுக்கும் தடை இல்லை, போதாததற்குக் கேரளத்திலிருந்து லாரி வருகிறது. இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம், ஆகவே அவற்றைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அரசு தரும் விளக்கம். அதைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வைத்துப் பாருங்கள். கிழக்குப் பக்கத்துச் சின்னமுட்டம் துறைமுகத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்குப் பக்கத்து முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எல்லை தாண்டினால் கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள், அதுவும் இழுவைப் படகுகளுக்கு மட்டும். இந்த மூன்று பகுதிகளிலும் ஒருசேரத் தடை இருப்பது ஜூன் 10 முதல் 14 வரை, ஐந்தே நாள். குமரிமுனையைச் சுற்றி நீந்தும் அயிலை எந்த அரசாணையைப் பார்த்துச் சினைபிடிக்கும்?

நெய்ச்சாளை மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி முட்டையிடுகிறது. அங்கே ஜூன், ஜூலை தடை அதற்கு ஓரளவு பொருந்துகிறது. ஆனால் நம்முடையது வெப்பமண்டலக் கடல். ஒரே மடியில் பத்திருபது இனங்கள் ஏறும். சில இனங்கள் ஆண்டு முழுக்கச் சினையோடு கிடைக்கும், சிலவற்றுக்கு ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட உச்சம் உண்டு. எந்த 61 நாளைக் குறித்தாலும் சிலவற்றுக்குத்தான் பொருந்தும். இன்னொன்று: 2001-ல் இந்தத் தடை தொடங்கியபோது 45 நாள்தான், மே 29-ல் முடிந்துவிடும். 2017-ல் அது 61 நாளானது. மீனின் சினைக்காலம் திடீரென 16 நாள் நீண்டுவிட்டதா என்ன?

அப்படியென்றால் தடை வீண் என்று முடிவுகட்ட வேண்டாம். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கட்டுப்பாடு விதிப்பதற்கான காரணங்களை அடுக்கும்போது கட்டுமரம், நாட்டுப்படகு மீனவரின் நலனையும் கடலில் சட்டம் ஒழுங்கையும் மீன்வளப் பாதுகாப்புக்குச் சமமாகவே வைக்கிறது. எழுபதுகளில் விசைப்படகுக்காரர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் நடுக்கடலில் மோதிக்கொண்ட வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது. இழுவை மடி கடல் தரையை வாரிக்கொண்டு போவது. இரண்டு மாதம் அது நின்றால் தரைக்கும் ஓய்வு, சிறு படகுக்கும் நல்ல விலை. இதை நேரடியாகச் சொல்வதில் அரசுக்கு ஏனோ கூச்சம். ‘இனப்பெருக்கம்’ என்றால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

தடையின் உண்மையான கெட்டிக்காரத்தனம் வேறிடத்தில் இருக்கிறது. இது மீனை அளக்காமல் படகை எண்ணும் விதி. கேரளத்தில் குறைந்தபட்ச நீள விதி உண்டு: மத்தி 10 செ.மீ., அயிலை 14 செ.மீ. இல்லாமல் பிடிக்கக் கூடாது. நல்ல விதி, ஆனால் அதை நடத்திக்காட்ட, ஏலம் நடக்கும் ஒவ்வொரு கரையிலும் அளவுகோலோடு ஆள் நிற்க வேண்டும். மடியின் கண்ணளவை நடுக்கடலில் போய்ச் சோதிப்பது அதைவிடக் கஷ்டம். தடைக்காலத்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. படகு துறைமுகத்தில் நிற்கிறதா, இல்லையா? மீன்வளத் துறை அந்த நாட்களிலேயே படகுகளை நேரில் ஆய்வுசெய்கிறது. ஆய்வுக்குக் காட்டாத படகுக்கு மானிய டீசல் நிறுத்தப்படும். எண்ணுவதற்கு வசதியாகப் படகுகளும் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன.

இந்த வசதிதான் கவலையும் தருகிறது. நடத்திக்காட்ட எளிதான ஒரே விதி இது என்பதால், கடலுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் இதிலேயே செய்துவிட்டதாக அறிக்கை வாசிக்கிறார்கள். மீதமுள்ள 304 நாளில் கண்ணளவையும் இரட்டை மடியையும் யார் பார்க்கிறார்கள்? ஜூன் 15 அதிகாலையில் பழுது பார்த்து, வண்ணம் பூசி, ஐஸ் ஏற்றிய படகுகள் மொத்தமும் ஒன்றாகக் கிளம்பும். இரண்டு மாதம் வளர்ந்த குஞ்சுகளில் பெரும்பகுதி அந்த முதல் வாரங்களில் சிக்கினால், தடையால் மிஞ்சியது எவ்வளவு என்ற கணக்கை எந்த அரசு விளக்கத்திலும் பார்க்க முடியவில்லை.

நிவாரணத்தைப் பற்றியும் நிறையக் கடிதங்கள். குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது. 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் மண்டபம் மீனவர் மாநாட்டில் அறிவித்தார். 61 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய். படகு உரிமையாளர் அந்த நாட்களில் மராமத்துக்குச் செலவழிக்கிறார். பங்குக்குப் போகும் தொழிலாளிக்குப் படகு நின்றால் வருமானமும் நின்றது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

12 கடல் மைலுக்கு அப்பால் போய் விசைப்படகில் பிடிக்கலாமா? கூடாது. மாநில அதிகாரம் அங்கே முடிகிறது, ஆனால் ஒன்றிய அரசும் அதே தேதிகளுக்கு ஆணை போடுகிறது.

சுருக்குமடி? மாநிலக் கடலில் எந்த மாதமும் கூடாது. 12 மைலுக்கு அப்பால், தடைக்காலம் நீங்கலாக, திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை, நிபந்தனைகளோடு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால அனுமதி கொடுத்தது.

முக்குளித்துச் சிப்பி எடுக்கலாமா? இந்தத் தடை அதைத் தொடாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுப் பகுதிகளில் மட்டும் எப்போதும் கூடாது.

கடல் அட்டை? 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், யானை இருக்கும் அதே முதல் பட்டியலில் இருக்கிறது.

தடைக்காலத்தில் மீன் வாங்குவது குற்றமா? இல்லை, விலைதான் கூடுதலாக இருக்கும்.