உஷார்! சிவப்புக் கோடு விழாத தப்பு

ஆங்கிலத்தில் மெயில் அடிக்கிறோம். எங்கும் சிவப்புக் கோடு விழவில்லை என்றால் ஸ்பெல்லிங் சரி என்று நம்பி அனுப்பிவிடுகிறோம். ஆபத்தே அங்கேதான். அகராதியில் இல்லாத சொல்லைத்தான் அந்தக் கோடு தவறாமல் பிடிக்கும். ஒரு நல்ல சொல் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு நல்ல சொல் வந்து உட்கார்ந்தால், பல நேரம் சும்மா இருந்துவிடும்.

பிரிட்டனில் நடந்ததைக் கேளுங்கள். 2009-இல் ‘டெய்லர் அண்ட் சன்’ என்ற கம்பெனியைக் கலைக்க உத்தரவானது. கம்பெனிகளைப் பதிவு செய்யும் ‘கம்பெனீஸ் ஹவுஸ்’ என்ற அரசு அலுவலகம் அதை ‘டெய்லர் அண்ட் சன்ஸ்’ பெயரில் ஏற்றிவிட்டது. ஒரே ஒரு ‘எஸ்’! இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பின்னது கார்டிஃபில் பல தலைமுறை கண்ட இன்ஜினீயரிங் நிறுவனம். சில நாளிலேயே பதிவைத் திருத்தினார்கள். அதற்குள் கம்பெனி திவால் என்ற செய்தி பரவி, சப்ளையர்கள் கடனுக்குச் சரக்குத் தர மறுத்துவிட்டார்கள். நிறுவனம் நொடித்தது, 200-க்கும் மேற்பட்டோருக்கு வேலை போனது. பதிவு அலுவலகம்தான் பொறுப்பு என்று 2015-இல் நீதிமன்றம் சொன்னபோது, காப்பாற்ற அங்கே கம்பெனியே இல்லை.

நம் ஊர் வீட்டுக் கடனுக்கு வருவோம். ‘பிரின்சிபல்’ என்று காதில் விழும் சொல் இரண்டு உண்டு. ‘பி-ஏ-எல்’ என்று முடிந்தால் கடனின் அசல். ‘பி-எல்-ஈ’ என்று முடிந்தால் கொள்கை. வங்கி தரும் ‘இன் பிரின்சிபிள் சாங்ஷன்’ கடிதத்தில் இருப்பது இரண்டாவது. கொள்கையளவில் சம்மதம், அவ்வளவுதான். பத்திரம், வில்லங்கம், வீட்டின் மதிப்பு எல்லாம் பார்த்த பிறகே பணம் வரும். அசல் தொகையே சாங்ஷன் ஆகிவிட்டது என்று நினைத்து, இருக்கிற நகையை விற்று பில்டரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். வில்லங்கத்தில் சிக்கல் வந்து வங்கி கையை விரித்தால், அந்த அட்வான்ஸைத் திரும்ப வாங்குவதற்குள் உயிர் போய்விடும்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் ‘ஹைப்போ’, ‘ஹைப்பர்’ இரண்டையும் பற்றியது. ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் அதிகம். ரத்தச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இரண்டுமே வரும். போனில் ‘ஹைப்’ என்று அடிப்பதற்குள் கீபோர்டே மீதியைக் காட்டும். பதற்றத்தில் விரல் எதைத் தொடும் என்று யார் கண்டது? சர்க்கரை இறங்கியவருக்கு உடனே இனிப்புத் தர வேண்டும். ஏறியவருக்கு அதையே கொடுத்தால் இன்னும் ஏறும். எதிரெதிர் வைத்தியம்!

ஆகவே டாக்டருக்கோ வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கோ செய்தி அனுப்பும்போது அந்த இரண்டு சொல்லும் வேண்டவே வேண்டாம். மெஷினில் தெரியும் எண்ணை அப்படியே எழுதுங்கள்: “அப்பாவுக்கு சுகர் 54, குறைந்துவிட்டது.”