அணையா அடுப்பும் திறந்த பெருவெளியும்

தைப்பூசத் திருநாளில் மலேசியத் தமிழர்கள் முருகப் பெருமானுக்குக் காவடி ஏந்தி நிற்க, தமிழகத்தின் கடலூர் மாவட்டத்திலுள்ள வடலூரில் இலட்சக்கணக்கான அன்பர்கள் பரந்ததொரு வெளியில் கூடிச் சோதி தரிசனம் காண்கின்றனர். அவ்வெளியே வள்ளலார் இராமலிங்க அடிகளின் மெய்யான நினைவிடமாகும்.

1823 அக்டோபர் 5-ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் தோன்றிய அடிகளார், திருவருட்பாவைப் பாடியதோடு நின்றுவிடவில்லை. பசியே உயிர்களை வாட்டும் பெரும்பிணி என்றும், அதனைத் தீர்ப்பதே உயர்ந்த வழிபாடு என்றும் கண்டார். பார்வதிபுரம் மக்கள் உவந்தளித்த சுமார் 80 காணி நிலத்தில் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது காக்கப்படுகின்றது. சாதி, சமய வேறுபாடின்றி, வருவோர்க்கெல்லாம் நாள்தோறும் அங்கே அன்னம் வழங்கப்படுகின்றது.

எண்கோண வடிவில் எழுந்த சத்திய ஞானசபையில் 1872 சனவரி 25, தைப்பூசத்தன்று முதல் சோதி வழிபாடு நிகழ்ந்தது. கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என ஏழு திரைகள் விலக, அப்பால் சோதி தோன்றும். ஆன்மாவை மறைக்கும் மாயைகளே அத்திரைகள் என்பது அடிகளார் உணர்த்திய தத்துவம். 1874 சனவரி 30 அன்று அருகிலுள்ள மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் திருவறைக்குள் சென்று திருக்காப்பிட்டுக்கொண்டார். அவர் சோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. ஆதலால் அவருக்குச் சமாதி இல்லை. அடுப்பும் சபையும் பெருவெளியுமே அவர் விட்டுச்சென்ற அடையாளங்கள்.

அவ்வெளியைக் குறித்தே அண்மையில் ஒரு வினா எழுந்தது. 99.90 கோடி ரூபாய்ச் செலவில் வள்ளலார் சர்வதேச மையம் அமைக்கத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் அங்கே அடிக்கல் நாட்டியது. அடிகளாரின் நெறி உலகெங்கும் பரவ அது துணைபுரியும் என்பது அரசின் கருத்து. மையம் வேண்டும், ஆனால் வேறிடத்தில் அமையட்டும். தைப்பூசத்தன்று பெருந்திரள் நின்று சோதி காண்பதற்கென விடப்பட்ட வெளியைக் கட்டடங்கள் சுருக்கிவிடலாகாது என்பது எதிர்ப்புத் தெரிவித்த பார்வதிபுரம் மக்களும் சன்மார்க்க அன்பர்களும் முன்வைத்த வாதம். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. இரு சாராரும் அடிகளாரைப் போற்றுவோரே. ஒரு ஞானியைக் கட்டடம் எழுப்பிப் போற்றுவதா, அவர் வகுத்தவாறே இடத்தைக் காத்துப் போற்றுவதா என்பதே இங்குள்ள சிக்கல்.

மலாக்காவிலும் தங்கா பத்து வட்டாரத்திலும் வாழும் தமிழர்க்கும் இவ்வரலாறு அயலானதன்று. தருமச்சாலை தோன்றிய ஒன்பதாம் ஆண்டில் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. பசியும் வறுமையுமே எண்ணற்ற தமிழர்களைக் கடல் கடக்கச் செய்தன. 1896-இல் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்ட பின், தோட்டங்கள் பெருகப் பெருக நம் முன்னோர் மேலும் மேலும் வந்து சேர்ந்தனர். பாலுக்கு மரம் வெட்டிய அக்கைகளே தோட்டந்தோறும் கோயில் எழுப்பின. திருவிழா நாளில் அன்னதானப் பந்தியும் விரித்தன. பசியை அறிந்தவர்கள் இட்ட சோறு அது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்ட இக்காலத்தில், கோபுரத் திருப்பணிக்கு நன்கொடை திரட்டும் ஆலயத்தார் அன்னதான அடுப்பையும் மறவாதிருத்தல் வேண்டும். விழா நாளில் மட்டுமன்றி, வறியவர் வந்து நிற்கும் எந்நாளிலும் அது எரியுமாயின், வடலூரில் 1867-இல் மூண்ட தீயின் ஒரு பொறி இம்மண்ணிலும் சுடர்கின்றதெனக் கொள்ளலாம்.