பல்லிக்கும் கடுக்காய்க்கும் என்ன சம்பந்தம்? தெரியுமா?

அதற்கு முன் தண்ணீர். தண்ணீர் மூலக்கூறு மட்டும் நேர்கோடாக இருந்திருந்தால் இதை எழுத நானும் இல்லை, படிக்க நீங்களும் இல்லை! நடுவில் ஆக்சிஜன், இரண்டு பக்கமும் ஹைட்ரஜன். நேராக நீட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதானே? இல்லை, 104.5 டிகிரியில் மடங்கி நிற்கிறது. யாரோடும் பங்கு போடாத இரண்டு எலக்ட்ரான் ஜோடிகள் ஆக்சிஜனிடம் உண்டு. அவை இடத்தை அடைத்துக்கொண்டு ஹைட்ரஜன்களை ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளுகின்றன. மடங்கியதால் ஒரு பக்கம் லேசான எதிர்மின்சுமை, மறுபக்கம் லேசான நேர்மின்சுமை. அது போதும், இந்த மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. இதன் ஆயுள் தெரியுமா? ஒரு நொடியை லட்சம் கோடித் துண்டாக்கினால், அதில் ஒன்றிரண்டு துண்டு! அறுகிறது, சேர்கிறது, மறுபடி அறுகிறது.

இவ்வளவு நோஞ்சான் பிடியால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த வாயுதான். தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் இதில் கந்தகம், மற்றபடி அதே அமைப்பு. மூலக்கூறு எடையில் தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கனமானதுதானே சிரமப்பட்டு ஆவியாக வேண்டும்? அதுவோ மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஹைட்ரஜன் பிணைப்பு இல்லையென்றால் தண்ணீர் மைனஸ் 80 டிகிரி வாக்கில் கொதித்திருக்கும். வங்காள விரிகுடா மொத்தமும் ஆவி!

இஸ்திரி போடுகிறவர் பருத்திச் சட்டையில் தண்ணீர் தெளிக்கிறாரே, ஏன்? கசங்கிய துணியில் செல்லுலோஸ் இழைகளை அந்தக் கோணல் நிலையிலேயே பிடித்துவைத்திருப்பதும் இதே ஹைட்ரஜன் பிணைப்புதான். தண்ணீர் உள்ளே புகுந்து பழைய பிடியை விடுவிக்கிறது. சூடு தண்ணீரை விரட்டுகிறது. இழைகள் நேரான நிலையில் புதிதாகப் பிடித்துக்கொள்கின்றன. மழையில் ஒரு நனை நனைந்தால் மடிப்பு போயே போச்சு.

சரி, பல்லிக்கு வருவோம். தலையில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் சொல்லும். விழாமல் எப்படி நிற்கிறது என்று சொல்லாது. காலில் பசை கிடையாது. உறிஞ்சும் கிண்ணமும் கிடையாது. டோக்கே என்ற பெரிய பல்லியின் ஒவ்வொரு பாதத்திலும் சுமார் 5 லட்சம் நுண்ரோமங்கள். ஒவ்வொரு ரோமத்தின் நுனியும் நூற்றுக்கணக்கில் பிரிகிறது. அந்த நுனிகள் சுவரை ஒட்டினாற்போல் நெருங்கும்போது இரு பக்கத்து எலக்ட்ரான்களும் கணத்துக்குக் கணம் இடம் மாறித் தள்ளாடுவதால் ஒரு மெல்லிய ஈர்ப்பு பிறக்கிறது. அதுதான் வாண்டர் வால்ஸ் விசை. கெல்லர் ஆட்டம் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 2002-ல் இதை உறுதிப்படுத்தியது. அந்தப் பல்லிக்கும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: உலர்ந்த டெஃப்லான், அதாவது நான்ஸ்டிக் தவாவின் பூச்சு! அங்கே ஃபுளோரின் எலக்ட்ரான்களை இறுக்கிவைத்திருப்பதால் தள்ளாட்டம் குறைவு, ஈர்ப்பும் குறைவு.

பிணைப்பு மட்டுமல்ல, மூலக்கூறின் வடிவமும் முக்கியம். ஸ்பியர்மின்ட் வகைப் புதினாவின் வாசனையும் சதகுப்பையின் வாசனையும் ஒரே பொருள்தான், தெரியுமா? பெயர் கார்வோன். அதே அணுக்கள், அதே பிணைப்புகள். ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம், அவ்வளவுதான் வித்தியாசம். நம் மூக்கு அதையும் கண்டுபிடித்துவிடுகிறது!

இனி கடுக்காய். பல்லிக்கும் இதற்கும் சம்பந்தம் இதுதான்: இரண்டிலும் வேலை செய்வது மூலக்கூறுகளுக்கிடையிலான மெல்லிய பிடி. அதைக் கடித்ததும் வாய் இழுத்துப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு இருக்கிறதே, அது தோல் பதனிடும் அதே வேலை! கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் உள்ள டானின், எச்சிலின் வழவழப்பான புரதங்களோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டு அவற்றைத் திரள வைக்கிறது. வழவழப்பு போய் நாக்கு உலர்ந்து சொரசொரக்கிறது. தோல் பட்டறைத் தொட்டியில் டானின் தேடிப்போவது கொலாஜனை. ஆட்டுத்தோலுக்கும் நம் தோலுக்கும் எலும்புக்கும் அதுதான் ஆதாரப் புரதம்.

அந்தக் கொலாஜனின் வடிவத்தைக் கண்டுபிடித்தது எங்கே? கேம்பிரிட்ஜிலா? இல்லை, சென்னையில்! 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கு அப்போது ஏறத்தாழ முப்பது வயது. அடையாற்றிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திடமிருந்து அவருக்குக் கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. ஆம், கங்காரு! அதில் எக்ஸ்-கதிர் பாய்ச்சிக் கிடைத்த படத்தை வைத்து அவரும் சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் 1954-லும் 1955-லும் 'நேச்சர்' இதழில் விடை சொன்னார்கள்: மூன்று புரி கயிறுபோல் முறுக்கிக்கொண்ட மூன்று இழைகள். முறுக்கின் நடுவே இடமே இல்லை. அதனால் ஒவ்வொரு இழையிலும் மூன்று அமினோ அமிலத்துக்கு ஒன்று கிளைசீனாக இருந்தே தீர வேண்டும். அமினோ அமிலங்களிலேயே சின்னது அதுதான், பக்கத்தில் நீட்டிக்கொண்டிருப்பது ஒற்றை ஹைட்ரஜன் மட்டும். அந்த இடத்தில் பெரிய அமிலம் ஒன்று மாறி உட்கார்ந்தால் எலும்பு எளிதில் நொறுங்கும் நோய் வருகிறது. எனக்கு இந்தக் கட்டுரையிலேயே மலைப்பு இதில்தான்.

கடைசியாக, யாரோடும் சேராது என்று பாடப்புத்தகங்கள் சாதித்த மந்த வாயு. 1962 மார்ச், கனடாவின் வான்கூவர். வேதியியலாளர் நீல் பார்ட்லெட் ஏற்கெனவே ஆக்சிஜன் மூலக்கூறிடமிருந்தே எலக்ட்ரானைப் பறிக்கும் பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடைக் கையில் வைத்திருந்தார். செனான் என்ற மந்த வாயுவிடமிருந்து பறிக்கவும் ஏறத்தாழ அதே ஆற்றல்தான் தேவை என்பது அவர் கண்ணில் பட்டது. பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடின் சிவப்பு ஆவியையும் நிறமற்ற செனானையும் பிரித்திருந்த கண்ணாடித் தடுப்பை உடைத்தார். அந்த நொடியே ஆரஞ்சு மஞ்சளில் ஒரு திடப்பொருள்! யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று ஆள் தேடினால், எல்லோரும் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். அதே ஆண்டு சிகாகோ அருகே ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் செனானையும் ஃபுளோரினையும் சேர்த்துச் சூடாக்கியே செனான் டெட்ராஃபுளோரைடு தயாரித்துவிட்டார்கள். நடுவில் செனான், நான்கு மூலையிலும் ஃபுளோரின், தட்டையான சதுரம். இன்று பிளஸ் டூ மாணவருக்கு அதன் வடிவம் ஒரு மார்க் கேள்வி.