மெரினாவுல ஓடி வீடியோ போட்டா, கேமரா காசு திரும்புமா?

டிரெட்மில்லுல ஓடுறவங்களுக்குப் பெரிய கஷ்டம் கால் வலி இல்ல, போர் அடிக்கிறதுதான். எதிர்ல வெறும் சுவர். அதனாலதான் 'வெர்ச்சுவல் ரன்' வீடியோக்களுக்கு உலகம் முழுக்க ஆடியன்ஸ் இருக்காங்க. யாரோ ஒருத்தர் அழகான பாதையில கேமராவோட ஓடுவார், நாம வீட்டுல திரையைப் பார்த்துக்கிட்டே கூட ஓடலாம். ஐஃபிட் நிறுவனம் இதை சந்தா போட்டு விக்குது. கினோமேப் செயலியில பயனர்களே எடுத்த வீடியோக்கள் நிறைய இருக்கு.

நம்ம ஊர்லயும் பாதைக்குப் பஞ்சமில்ல. நேப்பியர் பாலத்துல இருந்து கலங்கரை விளக்கம் போய்த் திரும்பினா 6 கி.மீ.க்கு மேல வரும். பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச், மயிலாப்பூர் மாட வீதிகள், தி.நகர் பாண்டி பஜாரோட அகலமான நடைபாதைன்னு அடுக்கிட்டே போகலாம். சரி, காசு வருமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நல்ல விஷயம்: நேரம்

யூடியூப்ல நீளமான வீடியோக்கள் மூலமா விளம்பர வருமானம் வர, 1,000 சப்ஸ்கிரைபர்களும் கடைசி 12 மாசத்துல 4,000 மணி நேரப் பார்வையும் வேணும். 5 நிமிஷ வீடியோன்னா, 48,000 பேர் முழுசா பார்த்தாதான் அந்த 4,000 மணி நேரம் சேரும். 30 நிமிஷ ரன்னிங் வீடியோவுக்கு 8,000 பேர் போதும். கால் ஓடிட்டு இருக்கும்போது கை ஸ்க்ரோல் பண்ணாது!

ஆனா ஒரு சிக்கல். வீடியோ நடுவுல விளம்பரம் வச்சா வருமானம் கூடும். ஓட்டத்தோட ரிதம் உடைஞ்சா பார்வையாளர் அடுத்த தடவை வரமாட்டார்.

முதலீடு எப்ப திரும்பும்?

உதாரணத்துக்கு, கேமராவும் கிம்பலும் சேர்த்து 40,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. யூடியூப் பங்கு போக, 1,000 பார்வைக்கு உங்க கைக்கு 40 ரூபாய் வருதுன்னு எடுத்துக்கலாம். போட்ட காசை எடுக்கவே 10 லட்சம் பார்வை வேணும். இதே கேமராவை இ.எம்.ஐ.ல வாங்கினா வட்டியும் சேரும். சம்பளம் 1ஆம் தேதி வரும், யூடியூப் வருமானம் அப்படி வராது. 100 டாலர் சேர்ந்தாதான் பணமே அனுப்புவாங்க.

காசு கசியுற இடங்கள்

முதல்ல, பாட்டு. மார்கழில மயிலாப்பூர்ல ஓடினா ஸ்பீக்கர்ல பக்திப் பாட்டு, டீக்கடைல சினிமாப் பாட்டு. ரெண்டும் உங்க ஆடியோல பதிவாகும். காப்பிரைட் க்ளெய்ம் வந்தா அந்த வீடியோ வருமானம் பாட்டு உரிமையாளருக்குப் போகலாம். காலடிச் சத்தமும் அலைச் சத்தமும் மட்டும் கேட்கிற கடற்கரைதான் சேஃப்.

அடுத்து, ஸ்டோரேஜ். 4கே, 60 ஃப்ரேம்ல, விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்துல பதிவு பண்ணா 30 நிமிஷத்துக்கு 22 ஜி.பி.க்கு மேல ஆகும். 10 வீடியோ எடுத்தா தனி ஹார்ட் டிஸ்க் வாங்கணும்.

அப்புறம், நேரம். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, சூரியன் உதிச்ச முதல் ஒரு மணி நேரம்தான் வெளிச்சமும் அழகா இருக்கும், கூட்டமும் குறைவு. ஏ.சி. ரூம்ல இருந்து கேமராவை நேரா பீச்சுக்கு எடுத்துட்டுப் போனா லென்ஸ்ல பனி படியும். கால் மணி நேரம் முன்னாடியே வெளியில எடுத்து வைங்க.

ஆபீஸும் வரியும்

ஆஃபர் லெட்டரைத் திரும்பப் படிங்க. வேற வருமானம் வர்ற வேலை செய்யக் கூடாதுன்னோ, முன் அனுமதி வேணும்னோ இருந்தா, ஹெச்.ஆர்.கிட்ட எழுத்துல கேட்டுக்கிட்டு ஆரம்பிங்க. ஒரு சேனலுக்காக வேலையைப் பணயம் வைக்காதீங்க.

இந்த வருமானத்தைத் தொழில் வருமானமா காட்டணும்னா, சம்பளக்காரங்க வழக்கமா போடுற ஐ.டி.ஆர்-1 செல்லாது. கேமரா தேய்மானம், ஹார்ட் டிஸ்க் மாதிரி செலவுகளைக் கழிக்க வழி இருக்கு. பில்லைப் பத்திரமா வைங்க. ஆட்சென்ஸ்ல வரி விவரம் கொடுத்துட்டா, அமெரிக்கப் பார்வையாளர்கள் மூலமா வர்ற பகுதிக்கு மட்டும் 15% பிடிப்பாங்க. கொடுக்கலைன்னா மொத்த வருமானத்துலயும் 24% வரைக்கும் போகலாம். ஒரே ஒரு படிவம்தான், மறக்காதீங்க.

அப்போ என்ன பண்ணலாம்?

கையில இருக்கிற போனோட ஆரம்பிங்க. கிம்பல் வேணும்னா வாடகைக்கு எடுங்க. 3 மாசம், 10 வீடியோ, 5,000 ரூபாய் உச்சவரம்பு. எமர்ஜென்சி ஃபண்டையும் எஸ்.ஐ.பி.யையும் தொடாதீங்க. 10 வீடியோ முடிஞ்சதும் சராசரியா எத்தனை நிமிஷம் பார்க்கிறாங்கன்னு பாருங்க. 30 நிமிஷ வீடியோவை 15 நிமிஷத்துக்கு மேல பார்த்தாங்கன்னா, அப்ப கேமரா பத்தி யோசிக்கலாம். 2 நிமிஷத்துல போயிட்டாங்கன்னா, போனது 5,000 ரூபாய்தான், 40,000 இல்ல. 10 நாள் காலையில பீச்சுல ஓடின உடம்பு மிச்சம்.

உங்க ஏரியாவுல இதுக்கு ஏத்த பாதை எது? கமெண்ட்ல சொல்லுங்க.